நாலாம் நம்பர் கூண்டுக்குப் போன கேரட்

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லாரும் எலி மாமா என்றுதான் கூப்பிடுவோம். இயக்குநர்கூட. இருபத்தாறு வருஷமாகக் கூண்டு கழுவி, மரத்தூள் மாற்றி, தீனி போடுகிறவர். நான் அங்கே கண்ணாடிக் குழாய்கள் கழுவுகிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவருக்கு வாயே கிடையாது. அதனால் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வசதியாக இருந்தது.

அவர் பையில் எப்போதும் கேரட் இருக்கும். சனிக்கிழமைதோறும் பை நிறையக் கேரட்டோடு மூத்த மகள் வீட்டுக்குப் போவார். முப்பது வயதுக்காரிக்கு!

"மாமா, உங்க பொண்ணு என்ன முயலா?" என்பேன்.

சிரிக்க மாட்டார். "அவ பொறந்தப்ப எனக்கு வேலை இல்லம்மா. வீட்ல காய்னு ஒண்ணு கண்ணுல பட்டதில்ல. இன்னைக்கும் தெருவுல யாருக்குச் சளி புடிச்சாலும் மொதல்ல அவளுக்குத்தான் ஜுரம்."

எங்கள் ஆராய்ச்சி மாணவியின் கேள்வியும் கிட்டத்தட்ட அதுதான். பிறந்த புதிதில் வைட்டமின் ஏ கிடைக்காத குட்டிக்கு, வளர்ந்த பிறகு நோயை எதிர்க்கும் செல்கள் எப்படி இருக்கும்? எட்டுத் தாய் எலிகள். முதல் நாலு கூண்டுக்கு வைட்டமின் ஏ இல்லாத தீனி. மற்ற நாலுக்கு நல்ல தீனி. பால்குடி மறந்ததும் எல்லாக் குட்டிகளுக்கும் நல்ல தீனியே. பெரிதானதும் செல்களை எண்ண வேண்டும்.

எண்ணினாள். மூன்று கூண்டுக் குட்டிகளுக்கு எதிர்பார்த்தபடி குறைவு. நாலாம் நம்பர் மட்டும் அடம்பிடித்தது. அந்தக் குட்டிகளுக்குச் செல்கள் ஏராளம். மூன்று முறை திரும்ப எண்ணியும் அதேதான். "உன் கைதான் சரியில்ல, மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டு மொதல்லேர்ந்து ஆரம்பி" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். மூன்று வருஷ உழைப்பு. என் தொட்டியருகே வந்து நின்று விசும்பினாள். வாசலில் மாமா மரத்தூள் மூட்டையோடு நின்றிருந்தார்.

அன்று அவர் சாப்பிடவில்லை. "ஒண்ணு சொன்னா வேலை போயிடுமா?" என்றார். என்ன என்று கேட்டேன். சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"கூறு இருக்கா மாமா உங்களுக்கு? அந்தப் பொண்ணு அழுதத பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். அதான்."

மறுநாள் காலை நான் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தபோதே மாமா அந்த மாணவியின் மேஜைக்குப் போய் நின்றார்.

"நாலாம் நம்பர் தாய்க்கு நான் கேரட் குடுத்தேம்மா. குட்டி போட்ட அன்னைலேர்ந்து அதுங்க கண்ணு தொறக்கற வரைக்கும், தினம் ரெண்டு துண்டு. மெலிஞ்சு போய் கம்பியப் புடிச்சிட்டே நின்னுச்சு. மனசு கேக்கல."

"என்ன காரியம் பண்ணியிருக்கீங்க!" அவள் கத்தியதில் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மாமா தலை நிமிரவில்லை. அவள் தன் கணக்கு நோட்டைப் புரட்டினாள். குரல் மாறியது.

"கண்ணு தொறந்தப்புறம் குடுக்கலையே?"

"இல்லம்மா. தாய் தேறிடுச்சு."

"அப்ப என் கை தப்பில்ல! அந்தக் கொஞ்ச நாள் பால் வழியா போனதே குட்டிங்களுக்குப் போதும்போல மாமா. மத்த மூணு கூண்டுக்கும் அப்புறம் மாசக்கணக்கா நல்ல தீனி போட்டோம். செல் ஏறவேயில்ல!" ஒரு கூண்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, மறுபடி முறையாகச் செய்ய வேண்டும் என்றாள். ஆனாலும் முகமெல்லாம் வெளிச்சம்.

மாமா நகரவில்லை. "பின்னாடி எவ்வளவு குடுத்தாலும் ஈடாகாதா?"

"ஆகலையே மாமா" என்றாள் சந்தோஷமாக.

மகள் விஷயம் அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பாவி மனுஷன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் முதுகில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

"இது எலிதானே? மனுஷங்களுக்கும் அப்படித்தானா?" என்று நான்தான் கேட்டேன்.

"அது தெரியாதுக்கா. எலிய வச்சுச் சொல்லிட முடியாது."

"தெரியாதுல்ல?" என்றார் மாமா. மறுபடியும், "தெரியாதுல்ல?"

இயக்குநர் மாமாவைக் கூப்பிட்டுத் திட்டிக் கிழித்து அனுப்பினார். வேலை தப்பியது. சனிக்கிழமை மாலை கையில் பையோடு கிளம்பினார். முயல் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"நல்லதா பாத்து வாங்கினீங்களா மாமா?"

"ம். இந்த வாரம் ஒரு கிலோ கூடுதலா" என்றார்.