நடப்பதும் நடத்துவதும்

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் வேன் இடித்து என் கால் முறிந்தது. நஷ்டஈட்டு வழக்குக்காகப் பார்த்த இரண்டு வக்கீல்களும், "கோர்ட்டுல நடக்கவே முடியலன்னு சொல்லுங்க சார்" என்றார்கள். அதைக் கேட்டுக் கேட்டு, நிஜமாகவே நடக்க மாட்டேனோ என்று பயம் வந்துவிட்டது.

மூன்றாவதாகப் பார்த்தது மாடம்பாக்கத்தில் ஒரு வக்கீலம்மாவை. நரைத்த தலை, கசங்கிய கறுப்புக் கோட்டு. ஆபீஸ் மாடியில். கட்டுப் போட்ட காலோடு நான் போகும்போதெல்லாம், ஆட்டோ ஹாரன் கேட்டதும் அவரே இறங்கி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்.

"நான் நடந்துட்டா கேஸ் நிக்குமா மேடம்?"

"நீங்க நடங்க சார். கேஸை நான் நடத்திக்கறேன்."

அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

கேஸ் ஜெயித்ததும் கூப்பிட்டார். மாடிப்படியை நானே ஏறிப் போனேன். தீர்ப்பைச் சொல்ல மறந்து, என் காலையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.