நிசாரின் அஞ்சீர் மரம்

தோல் பதனிடும் கொட்டகைக்குக் கிளம்புமுன் நிசார் அஹமது கொல்லையிலிருந்த அஞ்சீர் என்னும் சீமையத்தி மரத்தடியில் நின்று, ஒவ்வொரு காயையும் ஒற்றை விரலால் தாங்கிப் பார்ப்பான். விறைத்து நின்றால் காய். கழுத்துத் துவண்டு விரல்மேல் படுத்தால் பழம். சுண்ணாம்புத் தொட்டியில் வெந்து தடித்த விரல்களில் அந்த ஒன்றுக்குத்தான் உணர்ச்சி மிச்சமிருந்தது.

"இன்னா பாய், நாடி பாக்குறியா? பொண்டாட்டிய இவ்ளோ மெதுவா தொட்டிருப்பியா?" என்பான் பக்கத்து வீட்டுப் பச்சையப்பன். இருவருக்கும் ஒரே தொட்டியில் வேலை. நிசாரின் மனைவி ரஃபத் ஜஹான் படுக்கையில் விழுந்த பிறகு அவன் கேலியை நிறுத்திவிட்டான்.

அவளுக்குத் தொண்டையில் கட்டி. கஞ்சி இறங்கவில்லை. பேரணாம்பட்டு ஹக்கீம் கைவிரித்துவிட்டார். அஞ்சீர்ப் பழத்தை வழித்து நாக்கில் வைத்தால் மட்டும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. மரத்தில் பழம் தீர்ந்து, மிச்சமெல்லாம் பச்சைக்காயாய் நின்றது. லாங் பஜாரில் உலர்ந்த பழம் வாங்கிவந்து பாலில் ஊறவைத்துக் கொடுத்தான். இருமலில் ரத்தம் வந்தது.

"மரத்துப் பழமே வரட்டுங்க. நான் எங்க போய்டப் போறேன்" என்றாள்.

தோலில் சுரண்டிய மயிரை மரத்துக்கு எருவாகப் போடுவது வழக்கம். நன்றாக அலசி, ஆறவைத்துப் போடவேண்டும். அவனுக்குப் பொறுக்கவில்லை. ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து கொட்டினான். சில நாளில் இலையோரம் கருகிற்று.

"அலசலியா? அது முச்சூடும் உப்புய்யா!" பச்சையப்பன் மண்வெட்டியோடு ஓடிவந்தான். இருவரும் எருவை வாரி எறிந்தார்கள். "தண்ணி இழுத்து ஊத்து. உப்பு அடியில இறங்கட்டும்."

நிசார் வேலைக்குப் போகவில்லை. கொல்லைக் கிணற்றிலிருந்து இறைத்து இறைத்து ஊற்றினான். உள்ளங்கை உரிந்தது. ஊற்ற ஊற்ற இலை உதிர்ந்தது, இன்னும் ஊற்றினான். "யா அல்லா, ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு." சுருங்கிய காய்கள் காலடியில் விழுந்தன. ஒன்றைப் பிளந்தான். பஞ்சுபோல் வெளுத்திருந்தது.

ரஃபத்துக்கு அதற்குள் பேச்சு நின்றுபோயிருந்தது. கயிற்றுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையை ஆட்டினாள், தெருப்பக்கம் கைகாட்டினாள். பழம் கேட்கிறாள் என்று நினைத்தான்.

"இதோ, பழுத்துட்டே இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி கிணற்றடிக்கு ஓடினான்.

வெள்ளிக்கிழமை ரஃபத்தின் ஜனாஸா புறப்பட்டது.

தாய்வீட்டுக்குக் குடியாத்தம் போயிருந்த பச்சையப்பன் மனைவி சௌந்தரம், நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குத்தான் வந்து சேர்ந்தாள். சமையலுக்கு நிசார் கொல்லைக் கிணற்றில் வாளியை விட்டதும் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"இத எடுக்காதீங்க பாய். கொட்டகைக் கழிவுக்குட்டை ஒடைஞ்சதுல இருந்து கிணறு உப்பாக் கரிக்குது. ஆத்துல குளிச்சிட்டு, தெருப் பொண்ணுங்க கொண்டாந்து வைக்கிற தண்ணியக் குடிக்கிற உங்களுக்கு எங்க தெரியும்? பருப்பு வேகலன்னு மொதல்ல கண்டுபிடிச்சவளே ரஃபத்துதான். அப்புறம் நாங்க ரெண்டு பேரும் தெருக்கோடிக் கிணத்துக்குத்தான் போய்ட்டிருந்தோம்."