நீர்மோர்ப் பந்தலுக்கு வந்த கடல் மண்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சித்ரா பௌர்ணமி. மத்தியான வெயில். இடம், எங்கள் ஊர் திருவண்ணாமலை.

புதுச்சேரிப் பக்கம் கடலடி மணலைக் கப்பல் வைத்து உறிஞ்சி எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அதனால் கடலுக்கு என்ன ஆகிறது என்று கண்காணிப்பது எங்கள் குழுவின் வேலை. தோண்டுவதற்கு முந்தைய நாளே படகில் போய் அடிமண்ணை அள்ளி வந்திருந்தோம். அதிலுள்ள பொடிப் புழு, சிப்பிக் குஞ்சு எல்லாவற்றையும் பெங்களூர் ஆய்வகத்தில் எண்ணுவார்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அந்த மண்தான் ஆதாரம். கெட்டுப்போனால் மறுபடி எடுக்க வழியில்லை. கப்பல் காலையிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டது.

"எங்க ஊர் வழியாத்தான் பஸ்ஸு, நானே கொண்டுபோறேன்" என்று வீராப்பாக ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியை வாங்கிக்கொண்டேன். பௌர்ணமி என்று தெரியாதா? நன்றாகவே தெரியும். கடலில் ஓதம் ஏறும் நாளாயிற்றே என்று படகுக்காரரிடம் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தேன். கிரிவலம் என்று ஒன்று இருப்பது மட்டும் உறைக்கவே இல்லை!

பஸ்ஸை ஊருக்கு வெளியே திண்டிவனம் ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். பெங்களூர் பஸ்ஸோ ஊருக்கு அந்தப் பக்கம், செங்கம் ரோட்டில். ஆட்டோக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "எந்த ஊரும்மா?" என்றார்.

"இதே ஊருதாங்க."

"இந்த ஊருன்றீங்க, சித்ரா பௌர்ணமிக்கு ஆட்டோ கூப்புடுறீங்க?" என்று சிரித்தார். மானமே போயிற்று.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தோடு நடந்தேன். பிரசாதம் என்று நினைத்துக் கை நீட்டியவர்கள் வேறு. ரமணாசிரமம் தாண்டுவதற்குள் பெட்டி சொட்ட ஆரம்பித்தது. திறந்தால் ஐஸ் கரைந்து மண் பாட்டில்கள் தண்ணீரில் கிடக்கின்றன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எதிரில் ஒரு நீர்மோர்ப் பந்தல். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த கணவனும் மனைவியும் வேண்டுதலுக்காக மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அண்டா பக்கத்தில் சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டி. கெஞ்சினேன்.

"எங்களுக்கே பத்தலம்மா. ஜனங்க வெயில்ல வராங்க" என்றார் கணவர். நியாயம்தானே.

அந்த அம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "என்னாம்மா இது, சேறு?" என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"புழு பூச்சிக்கெல்லாமா கணக்கு எடுக்குறாங்க?"

"எடுக்கலன்னா, அங்க ஒண்ணுமே இருந்ததில்லன்னு சொல்லிடுவாங்கம்மா."

அந்த அம்மா பெட்டியை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு புருஷனிடம் திரும்பி, "மோரு ஜில்லுனு இல்லன்னா யாரும் கோச்சிக்க மாட்டாங்க. ஒடைச்சிப் போடுய்யா" என்றார்.

முணுமுணுத்துக்கொண்டேதான் உடைத்தார் மனிதர். பெட்டி நிறைந்ததும் என்னால் தூக்க முடியவில்லை. வெடுக்கென்று பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு, கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு முன்னால் நடந்தார். "வழி விடுங்க, உள்ள உயிரு இருக்குது! வழி விடுங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் கூட்டம் விலகியது. சிலர் பெட்டியைப் பார்த்துக் கும்பிடவே செய்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பஸ்ஸில் பெட்டியை ஏற்றிவிட்டுத் தோளைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "நான் கடலே பாத்ததில்லம்மா. தோண்டுன எடத்துக்கு இதுங்கல்லாம் திரும்பி வருமா?"

"தெரியலைங்க. அதைப் பாக்கத்தான் இந்த மண்ணு."

"வரட்டும்" என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றப் போய்விட்டார்.

மண் கெடாமல் போய்ச் சேர்ந்தது. மறு வருடம் சித்ரா பௌர்ணமிக்கு ஒரு ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு அதே பந்தலுக்குப் போனேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டுக்காரர் நலம்கூட விசாரிக்கவில்லை. "வந்துச்சாம்மா?" என்றுதான் கேட்டார்.

"வருதுங்க. கம்மியாத்தான், ஆனா வருது" என்றேன். அந்த முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே!

கடலையே பார்க்காத ஒரு மனிதர் கடலடிப் புழுக்களுக்காக ஒரு வருடம் காத்திருந்தார் என்று நினைத்துக்கொண்டால், படகில் வாந்தி எடுத்துக்கொண்டே மண் அள்ளுகிற நாளில்கூட எனக்கு இந்த வேலைமேல் பாசம்தான் பொங்குகிறது.