மதினியின் எள்ளுச் சோற்றுருண்டை

கொடைரோட்டில் ரயிலை விட்டு இறங்கியபோது அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. "உங்க மதினி எந்திரிக்க மாட்டேங்குறாடா, சீக்கிரம் வா." நான் திண்டுக்கல் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக்கசிவு என்றார் மருத்துவர். வீட்டுக் கூடத்திலோ வேறொரு காரணம் ஓடிக்கொண்டிருந்தது. "அன்னைக்குப் பிண்டத்தைத் தின்னாள்ல, அது சும்மா விடுமா?" மதினியின் ஒரே மகள் தர்ஷினியின் காதிலும் அது விழுந்துவிட்டது. அதனால்தான் துக்கம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

எரியோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர் செல்வராணி மதினி. அதிகம் பேசமாட்டார், ஆனால் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. மகளோடு உட்கார்ந்து கொரியத் தொடர்களைப் பார்த்துப் பார்த்தே அந்த ஊர்ச் சோற்றுருண்டையைச் செய்யப் பழகினார். புழுங்கலரிசியில் உருட்டியது உதிர்ந்துபோனது. "உப்புமான்னு சொல்லிச் சமாளிச்சிரு" என்று அண்ணன் கேலி செய்தார். மறுமுறை பச்சரிசியைக் குழைய வடித்து, நல்லெண்ணெய் விட்டு, வறுத்த கறுப்பு எள்ளைத் தூவி உருட்டினார். கொரியர்கள் சேர்க்கும் கடற்பாசிக்குப் பதிலாக மொறுமொறுவென்று வறுத்த முருங்கைக்கீரை. "கொரியாக்காரவுக வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன், தம்பி" என்பார்.

போன வருடம் அண்ணனுக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. மருத்துவமனையில் எங்கள் மாமா ஒருவரை இருத்திவிட்டு மதினியும் நானும் வீட்டுக்கு ஓடிவந்தோம். தர்ஷினி முந்தின நாளிலிருந்து எதையும் தொடவில்லை. "அப்பா கண்ணு முழிக்கட்டும்" என்று கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். மதினி அடுப்பைப் பற்றவைத்தார். உருண்டைகளைத் தட்டில் அடுக்கும்போது எங்கள் பெரியம்மா உள்ளே வந்தார். பச்சரிசிச் சோறு, எள், உருண்டை. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அடியே, உசுரோட கெடக்குறவனுக்கா பிண்டம் உருட்டுற?"

கதவைத் திறந்து தர்ஷினி எட்டிப் பார்த்தாள். மருத்துவமனையிலிருந்து அந்த நேரம் அழைப்பு வந்துவிடக் கூடாதே என்று பையிலிருந்த கைப்பேசியை இறுகப் பிடித்துக்கொண்டேன். பெரியம்மா தட்டைப் பிடுங்கக் கை நீட்டினார். அதற்குள் மதினி ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டு, நின்றபடியே மென்று விழுங்கினார்.

"பிண்டத்தை யாரும் திங்கமாட்டாக, பெரியத்தை. நான் தின்னுட்டேன். இனிமே இது சோறு. பிள்ளைய சாப்பிட விடுங்க."

தர்ஷினி சாப்பிட்டாள். அண்ணனும் பிழைத்து வந்தார். பெரியம்மா மட்டும் அந்தத் தட்டை மறக்கவில்லை.

இப்போது மதினியின் காடாத்து முடிந்து சாம்பலைக் கரைத்துவிட்டு வந்த பிறகும் பிள்ளை சாப்பிடவில்லை. "எனக்காகத்தான சித்தப்பா அம்மா அதைத் தின்னாங்க?" என்று கேட்டாள். மருத்துவர் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

அன்று மதியம் அடுக்களையிலிருந்து எள் வறுக்கும் வாசம் வந்தது. கூடத்தில் பேச்சு நின்றுபோயிற்று. தர்ஷினி தட்டோடு வந்து பெரியம்மாவுக்கு நேரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"வேணாம் தாயி, இன்னைக்கு வேணாம்" என்று பெரியம்மா பதறினார்.

"எங்கம்மா செய்யிற சோறு, அப்பத்தா. எனக்குப் பசிக்குது."

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அழுதுகொண்டே தின்றாள். யாரும் தடுக்கவில்லை.

நிம்மதியாகப் போங்கள், மதினி. பிள்ளை சாப்பிட்டுவிட்டாள்.