பெயரைச் சொல்லி ஏசினாலும்

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் நான் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, பக்கத்துச் சேர்ச் வாசலில் ஒரு செக்யூரிட்டிக்காரர் காவலுக்கு நின்றார். மஞ்சள் ஜாக்கெட், நரைத்த மீசை, காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. "தமிழோ?" என்று என்னைக் கேட்பதற்கு முன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். எதைச் சொன்னாலும் அப்படித்தான். "பஸ் வராது, றோட்டை மறிச்சிருக்கினம்" என்பதற்கும்கூட.

அன்று ஒரு பிரிட்டிஷ் சிப்பாயின் இறுதிச் சடங்கு. கொடி போர்த்திய பெட்டியை உள்ளே கொண்டுபோனார்கள். தெருவின் எதிர்ப்பக்கம், பொலிஸ் போட்ட தடுப்புக்குப் பின்னால், போரை எதிர்க்கிற கொஞ்சப் பேர் ஒலிபெருக்கியில் கத்தினார்கள். செத்தவனின் பெயரைச் சொல்லியே கத்தினார்கள். அவனுடைய தாய் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செத்தவீட்டிலையும் இப்பிடிக் கத்த விடலாமோ அண்ணை?"

"தள்ளி நிப்பாட்டலாம். வாயை மூடச் சொல்ல ஏலாது."

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"என்ரை தம்பியும் சண்டையிலை செத்தவன். பெட்டியும் இல்லை, குழியும் இல்லை. ஊரிலை அவனுக்கு ஒரு விளக்குக் கொளுத்தவும் ஆமிக்காரர் விடேல்லை. ஆராவது அவன்ரை பேரைச் சொல்லி ஏசினாலும் பரவாயில்லை, நிண்டு கேட்டுக்கொண்டிருப்பன்."

தம்பியின் பெயரைக் கேட்டேன்.

எதிரே ஒலிபெருக்கி ஓயவில்லை. அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்து, மெல்லச் சொன்னார்.