கரப்ட் ஆயிட்டு

கடையில் யாருடைய பென்டிரைவாவது திறக்காமல் போனால், நான் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. “கெட்டுப் போச்சுங்க” என்பேன். படிக்கிற பையன்கள் “கரப்ட் ஆயிட்டா அக்கா?” என்று எடுத்துக் கொடுத்தாலும் வாயில் வராது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.

கோவில்பட்டியில் இந்த ஜெராக்ஸ் கடையைப் போடுவதற்கு முன், ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். எங்கள் சூப்பிரண்டு ஒருநாளும் லஞ்சம் கேட்டவர் இல்லை. பட்டா மாற்ற வருகிறவர்களிடம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “சத்தியமாச் சொல்லுதேன், ஃபைல் கரப்ட் ஆயிட்டுவே” என்பார், அவ்வளவுதான். கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால் சாயங்காலமே சரியாகிவிடும். “நேத்துகூடத் திறந்துச்சே சார்” என்று எல்லார் முன்னாலும் ஒருநாள் கேட்டே விட்டேன். “ஒனக்கு இங்கிலீசு தெரியாது, பேசாம இரு” என்று சிரித்தார். மனுசனா அவர்! அகராதியில் அந்தச் சொல்லுக்கு ஊழல் என்றுதான் போட்டிருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் அகராதி பார்க்காமலே அந்தப் பொருளுக்கு வந்து சேர்ந்தார்கள். “கரப்ட்டு எவ்வளவு சார்?” என்று வாசலில் நின்றே கேட்பார்கள்.

எப்போதும்வென்றான் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வரும் ஆட்டுக்கார அண்ணாச்சியும் அப்படிக் கேட்டவர்தான். இறந்துபோன அப்பா பெயரிலிருந்த கரிசல் நிலத்தைத் தன் பெயருக்கு மாற்ற அலைந்தார். மழை பொய்த்து உளுந்து கருகிய வருடம். பட்டா மாறினால்தான் நிவாரணம் கிடைக்கும். கிடாய்களை விற்று சூப்பிரண்டிடம் கொடுத்தார். வேலை முடிவதற்குள் சூப்பிரண்டுக்கு மாற்றல் வந்துவிட்டது. “இனி ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ அண்ணாச்சி, நான் இருந்து முடிச்சுத் தாரேன்” என்றேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த முறை அவர் வந்தபோது, கரண்ட் போய்ப் போய் வந்ததில் அவருடைய ஃபைல் நிஜமாகவே திறக்கவில்லை. பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன்: “அண்ணாச்சி, ஃபைல் கரப்ட் ஆயிட்டு.”

மறுநாளே எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிவிட்டேன். பட்டாவும் மாறியது. அதனால் எனக்கு நிம்மதி வந்ததா என்றால், இல்லை. அன்று நான் சொன்னதும் அவர் முகம் அப்படியே செத்துப்போனதைப் பார்த்தவள் நான்.

“சத்தியமாத்தான் சொல்லுதேன் அண்ணாச்சி” என்று பதறினேன்.

“அவியளும் சத்தியம் பண்ணித்தான் சொன்னாவ” என்றார், துளிக் கோபம் இல்லாமல். “இன்னும் ஒரு கிடாதான் மிச்சங் கெடக்கு. ஒனக்கு அது போதுமா தாயி?”