ஆளுக்கொரு காது

சித்ராதேவியும் நானும் பனியன் கம்பெனியில் எட்டு வருடமாக ஒரே செக்கிங் டேபிள். அவள் சாத்தூர்ப் பக்கம், நான் குன்னத்தூர். தைத்து வரும் பனியனை விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்டது பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் போடுவது எங்கள் வேலை. இருவருக்கும் ஒரே இயர்போன். வலது அவளுக்கு, இடது எனக்கு. பாட்டோ கதையோ, ஆளுக்கொரு காது. அதுதான் எங்கள் சட்டம்.

போன மாதம் அவள் நல்லதென்று போட்டதில் கெட்டது கலந்து மூன்று முறை மாட்டிக்கொண்டாள். காலையிலிருந்து வெள்ளையையே பார்த்தால் யாருக்குத்தான் கண் பூத்துப் போகாது? சூப்பர்வைசர் சுரேந்தர் தன்மையாகத்தான் சொன்னான். "ஏனுங்க்கா, இந்த லாட்டுலயும் ஒரு பீஸ் மாட்டுச்சுன்னா உங்கள பல்லடம் யூனிட்டுக்கு மாத்தச் சொல்லீட்டாங்க."

பல்லடம் என்றால் காலை ஆறரை மணி பஸ். புருசன் இல்லாத வீட்டில், மூன்றாவது படிக்கும் மகள் யாழினியைப் பள்ளிக்கு யார் கிளப்புவது? அன்று மத்தியானம் அவள் சோற்றுப் போசியைத் திறக்கவே இல்லை.

மறுநாள் போனில் ஏதோ கண்டுபிடித்து வந்தாள். "யக்கா, பைனாரல் பீட்டாம். கேட்டா கவனம் செதறாதாம்." வழக்கம்போல இடதை என்னிடம் நீட்டினாள். மோட்டார் ஓடுவதுபோல் ஒரே ரீங்காரம். இரண்டு நாள் கேட்டோம். கொட்டாவி வந்ததுதான் மிச்சம்.

சுரேந்தர் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அட, ரெண்டு காதுக்கும் வேற வேற சத்தமுங்க. ஒருத்தரே ரெண்டையும் கேட்டாத்தானுங்க அது பீட்டு. ஆளுக்கொண்ணு வெச்சா வெறும் எரைச்சலுங்க."

"நீயே ரெண்டையும் வெச்சுக்க புள்ள" என்றேன். பெரிய மனசு பண்ணிச் சொல்லிவிட்டேனே தவிர, மூன்று நாள் எனக்குப் பேச ஆளில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அவள் தப்பு குறைந்தது நிஜம். சத்தத்தாலா, என் வாய் ஓய்ந்ததாலா, யார் கண்டது? எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நான்காம் நாள், லாட்டின் கடைசிக் கட்டு. எண்ணெய்க் கறை பட்ட பனியன் ஒன்று அவள் கையிலிருந்து நல்லதில் விழுந்தது. "சித்ரா!" என்றேன். காதில் விழவில்லை. போகட்டும், என்னைவிட அந்த ரீங்காரம்தானே உசத்தி என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நின்றேன். அப்புறம் யாழினி ஞாபகம் வந்தது. எட்டி எடுத்துக் கெட்டதில் போட்டேன்.

லாட் பாஸானது. பல்லடம் பேச்சும் நின்றது.

"உன்ற பீட்டு காப்பாத்தீருச்சு போ" என்றேன்.

இயர்போனைக் கழற்றி இடதை என்னிடம் நீட்டினாள். "கறைப் பனியன நீ எடுத்துப் போட்டத பாத்தேன்க்கா. காதத்தான அடைச்சிருந்தேன், கண்ண இல்லியே."

போனில் பாட்டைத் தேடிக்கொண்டே சொன்னாள். "அதுக்கு முன்னால கையக் கட்டிக்கிட்டு நின்னியே, அதையும் பாத்தேன்."

பிறகு பாட்டைப் போட்டாள். வாங்கி மாட்டிக்கொண்டேன். ஒரு வரிகூட எனக்குள் ஏறவில்லை.